என் மகன் விட்டொழித்த தொலைக்காட்சி

இதெல்லாம் நடக்கும்வரை என் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்ததில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. வேண்டாமென்று பட்டது, வாங்கவில்லை. தன் வீட்டில் இல்லாத பொருள்களைப் பற்றி ஒரு மனிதன் ஊரெல்லாம் பேசிக்கொண்டு திரிய முடியுமா? எங்கள் வீட்டில் யானையும்தான் இல்லை.

என் மகன் லாம்பர்ட் தொலைக்காட்சியை விட்டபோது ஐயோவா மாநிலத்தின் வடமேற்கு மூலை முழுவதற்கும் அது தெரிந்தது.

ஆரம்பித்து வைத்தவர் போதகர் வான் ட்ரில். மிச்சிகனிலிருந்து புதிதாக வந்த இளைஞர். மீசை முளைத்த வேகத்திலேயே கருத்துகளும் முளைத்துவிட்டவர். வந்த முதல் குளிர்காலத்திலேயே தொலைக்காட்சிக்கு எதிராக மூன்று பாகத்தில் ஒரு பிரசங்கம் செய்தார். சபையார் பெப்பர்மிண்ட் சப்பியபடி தலையாட்டிக் கேட்டார்கள். பிறகு வீட்டுக்குப் போய், பெட்டிக்குக் கதவு வைத்த அலமாரி செய்யச் சொல்லித் தச்சரிடம் ஆள் அனுப்பினார்கள். கதவு சாத்தியிருந்தால் அது அலமாரி, திறந்திருந்தால்தான் பாவம். எங்கள் ஊர் டச்சுக்காரர்களுக்கு இதெல்லாம் கைவந்த கலை. ராஜா ராணி படம் போட்ட சீட்டைத் தொட மாட்டோம். அதே ஆட்டத்தை எண் மட்டும் போட்ட சீட்டில் விடிய விடிய ஆடுவோம்.

லாம்பர்ட் அலமாரி செய்யவில்லை. அந்த மட்டில் அவன் மற்றவர்களைவிட மேல் என்று நானும் நினைத்தேன். பெட்டியை வீட்டைவிட்டே எடுத்துவிட்டான். எடுத்தவன் சும்மா இருந்திருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொன்னான்.

"எங்க வீட்டை விட்டு அந்தப் பொட்டி வெளிய போயிடுச்சு. இப்பத்தான் நாங்க ஒரு குடும்பமா ஆகியிருக்கோம். சாயங்காலத்துல ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்குறோம். இத்தனை நாளா எங்க கிட்ட என்ன இல்லன்னு இப்பத்தான் புரியுது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி ஆல்டா கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"புள்ள எவ்வளவு நல்லாப் பேசறான் பாருங்க."

"பேசறான்."

"அதுல என்ன குத்தம் கண்டீங்க?"

என் தகப்பனார் ஒரு நாள் குடியை விட்டார். யாரிடமும் சொல்லவில்லை. குடியை விட்டார் என்பதே என் தாயாருக்கு ஈஸ்டருக்குத்தான் தெரிந்தது; ஈஸ்டர் விருந்தில் புட்டி திறக்கப்படாமல் இருந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். விடுவது என்றால் அப்படி விடுவது. விட்டதைத் தெருவில் தூக்கிக்கொண்டு அலைபவன் அதை இன்னும் விடவில்லை.

அத்தோடு முடிந்ததா? என் மருமகள் கோரின் மாதர் சங்கத்தில் பேசினாள். பக்கத்து ஊர் மாதர் சங்கத்திலும் பேசினாள். 'பெட்டியில்லா வீடு' என்று சபைத் தாளில் அரைப் பக்கம் வந்தது. அதற்குக் கீழே ரொட்டி செய்முறை. இனிமேல் ரொட்டியைத் தன் கையால்தான் சுடுவாளாம். அந்த ரொட்டியை நான் தின்றிருக்கிறேன். கடையில் ரொட்டி விற்பதற்குக் காரணம் இருக்கிறது.

வசந்த காலத்தில் ஒரு நாள் சாப்பிடக் கூப்பிட்டார்கள். பண்ணை வீடு, நாற்பது ஆண்டு நான் இருந்த வீடு. நிலத்தையும் பன்றிகளையும் மகனிடம் கொடுத்துவிட்டு, எங்கள் வழக்கப்படி, நானும் ஆல்டாவும் ஊருக்குள் சின்ன வீட்டுக்கு வந்திருந்தோம். முன்னறைக்குள் போனதும் நான் பார்த்தது அந்த மூலையைத்தான். பெட்டி இருந்த இடம் காலி. ஆனால் நாற்காலிகள் எதுவும் திரும்பவில்லை. சோபாவும் இரண்டு சாய்வு நாற்காலிகளும் அந்தக் காலி மூலையைப் பார்த்தபடியே, செத்தவன் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களைப் போல இருந்தன.

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் அதில் உட்கார்ந்து மூலையைப் பார்த்தோம். லாம்பர்ட் ஒரு புத்தகத்தைச் சத்தமாகப் படித்தான். நல்ல குரல்தான், பன்றி ஏலத்துக்கு ஏற்ற குரல். பேத்திகள் மார்லாவும் ஜில்லும் ஒருத்தியை ஒருத்தி கிள்ளிக்கொண்டிருந்தார்கள். கோரின் குரோஷே ஊசியால் எதையோ பின்னினாள், பிரித்தாள், மறுபடி பின்னினாள்.

"எவ்வளவு அமைதியா இருக்கு இல்ல மாமா?" என்றாள்.

"இருக்கு."

கொஞ்ச நேரம் கழித்து, "அமைதியோ அமைதி" என்றாள். அதற்குப் பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். லாம்பர்ட்டும் பார்த்தான். புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தான்.

"பன்னிங்களை ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்ப்பா."

நானும் போகிறேன் என்று எழுந்தேன். "வேணாம் வேணாம், நீங்க உக்காருங்க" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு ஓடினான். பன்றிகள் மேல் அவ்வளவு அன்பு அவனுக்கு அதற்கு முன் இருந்ததில்லை.

கோடை முடிந்து இலையுதிர் காலம் வந்தது. எங்கள் சபையில் அது சபையை நடத்தும் மூப்பர்களைத் தேர்ந்தெடுக்கும் காலம். இரண்டு மூப்பர்கள் வீடு வீடாகப் போய்க் குடும்பங்களை விசாரிப்பார்கள். அதற்குப் பிறகு ஆலோசனைச் சங்கம் பெயர்களை முடிவு செய்யும். அந்த ஆண்டு காலியாகும் இடத்துக்கு லாம்பர்ட் வியர்ஸ்மா என்றே எல்லோரும் பேசினார்கள். என் தகப்பனார் மூப்பராக இருந்தார். நானும் இருந்தேன். அவனும் வருவது எனக்கு வேண்டியதுதான், மறைக்கவில்லை. ஆனால் எங்கள் பெயருக்கு மூப்பர் பதவியால் மதிப்பு வரவில்லை. பெயரால்தான் பதவி வந்தது. தானியக் கிடங்கில் வியர்ஸ்மா குடும்பத்தான் இவ்வளவு என்று வாயால் சொன்னால் எடை போட்டுப் பார்க்க மாட்டார்கள். எங்கள் குடும்பத்துக்கு உள்ள சொத்து அது ஒன்றுதான். நிலம் எல்லோருக்கும் இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான் விட்டுவிட்டு வந்த குழாய் திருகும் ஸ்பேனரை எடுக்கப் பண்ணைக்குப் போனேன். வீட்டில் விளக்கு எரிந்தது, ஆள் இல்லை. பன்றி ஈனும் கொட்டகையில் வெளிச்சம் தெரிந்தது. குட்டிகளுக்குச் சூடு கொடுக்கும் விளக்கு என்று நினைத்தேன். நினைத்த அடுத்த நொடியே அது தப்பென்று தெரிந்தது. எங்கள் பன்றிகள் ஈனுவதற்கு இன்னும் எத்தனையோ வாரம் இருந்தது. வெறும் கொட்டகைக்கு எதற்கு விளக்கு?

ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

தீவன மூட்டைகளின் மேல் பெட்டி இருந்தது. முயல் காது போன்ற அதன் ஆன்டெனாவில் சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றியிருந்தார்கள். எதிரே வைக்கோல் கட்டுகளின் மேல், மேல்கோட்டு போட்டுக்கொண்டு, மகன் கல்யாணத்துக்கு ஆல்டா தைத்துக் கொடுத்த போர்வையை நாலு பேரும் ஒன்றாகப் போர்த்தியபடி உட்கார்ந்திருந்தார்கள். ஜில் அப்பன் மடியில். மார்லா அம்மாவின் தோளில். பெட்டிக்குள் யாரோ ஒருவன் வழுக்கி விழுந்தான். நாலு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அந்த வீட்டில் அவர்கள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. பன்றி மூத்திர நாற்றம் ஜன்னலுக்கு வெளியே வந்தது. அவர்களுக்கு அது தெரிந்ததாகவே தெரியவில்லை.

வேதத்தில் ஊதாரி மகன் பன்றிகளோடு போய்ச் சேர்ந்தது பசியால். என் மகன் வயிறு நிறையத் தின்றுவிட்டுப் போய்ச் சேர்ந்திருந்தான்.

குழந்தைகள் முன்னால் எதுவும் பேசக் கூடாதென்று திரும்பிவிட்டேன். மறுநாள் ஓய்வுநாள். திங்கட்கிழமை காலையில் தீவனம் அரைக்கும் இடத்தில் அவனைப் பிடித்தேன்.

"பன்னிங்க சௌக்கியமா?"

என் குரலிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. கையுறையைக் கழற்றினான், மாட்டினான்.

"வீட்டை விட்டு வெளிய போயிடுச்சுன்னுதானேப்பா சொன்னேன். வெளியதானே இருக்கு."

"ஓகோ."

"பொய் சொல்லலியே."

"நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்டா. வீணாப் பன்னி மேய்க்கிற."

"பின்ன என்னப்பா பண்ணச் சொல்றீங்க? போன வருஷம்தான் வாங்கினேன், கலர் பொட்டி. நல்லா ஓடுற பொருளை எப்படித் தூக்கிப் போடறது? நீங்க போடுவீங்களா? வளைஞ்ச ஆணியக்கூட நிமித்தி டப்பால போட்டு வைக்கிற ஆளு நீங்க."

நல்ல பொருளை எறிவது எங்கள் ரத்தத்தில் கிடையாது. "யாருக்காவது வித்துத் தொலைக்கிறது" என்றேன்.

"வித்தா வாங்கினவன் ஆத்மா என்னாகும்? பாவம்னு சொல்லிட்டு அதையே இன்னொருத்தன் தலைல கட்டலாமா?"

அவனைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எறியவும் முடியாது, விற்கவும் முடியாது, அதனால் பன்றிக் கொட்டகையில் வைத்துப் போர்வையைப் போர்த்திக்கொண்டு பார்க்கிறான். இப்படி ஒரு பக்தி எங்கள் ஊரில் மட்டும்தான் விளையும்.

"வியாழக்கிழமை மூப்பருங்க உன் வீட்டுக்கு வராங்க. வந்ததும் நீயே சொல்லிடு" என்றேன்.

"சொன்னா என் பேரை எடுத்துடுவாங்கப்பா."

"எடுக்கட்டும். பொட்டி வச்சிருக்கிற வியர்ஸ்மாவா இரு. குடி முழுகிடாது. பொட்டி இல்லன்னு சொல்லிட்டுப் பாக்குற வியர்ஸ்மாவா இருக்காதே."

"சரிப்பா, பாக்கறேன்" என்றான். அவன் பாக்கறேன் என்றால் செய்ய மாட்டான் என்று அவனுக்கு ஐந்து வயதிலேயே எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை மத்தியானம் கோரின் கடைக்குப் போயிருந்தாள், அவன் வயலில் சோளம் அறுத்துக்கொண்டிருந்தான். நான் என் டிரக்கைக் கொட்டகை வாசலில் நிறுத்தி, கைவண்டியில் பெட்டியை ஏற்றி, வீட்டு முன்னறைக்குக் கொண்டுபோய் அதன் பழைய மூலையில் வைத்தேன். நாற்காலிகளை நகர்த்த வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவை எல்லாம் ஏற்கெனவே தயாராகக் காத்திருந்தன.

கோரின் திரும்பி வந்து பார்த்துவிட்டு மளிகைப் பையைக் கீழே போட்டாள்.

"மாமா! என்ன காரியம் பண்ணியிருக்கீங்க!"

"உங்க பொருள் உங்க வீட்ல இருக்கு. அதுல என்னம்மா காரியம்?"

"அவங்க வர நேரமாச்சு மாமா! லாம்பர்ட் எங்க? ஐயோ, மார்லா, அப்பாவைக் கூப்புடு!"

லாம்பர்ட் வந்து சேர்வதற்கும் மூப்பர்களின் கார் வாசலில் திரும்புவதற்கும் சரியாக இருந்தது. அவன் என்னைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். கோரின் அலமாரியிலிருந்து ஒரு மேசை விரிப்பை உருவிப் பெட்டியின் மேல் போட்டு, அதன் மேல் ஜெரேனியச் செடித் தொட்டியை வைத்தாள். ஆன்டெனாவின் இரண்டு கம்பிகளும் விரிப்பைத் தூக்கிக்கொண்டு, கொம்பு முளைத்த பேய் முக்காடு போட்டதுபோல் நின்றன.

வந்தவர்கள் எவர்ட் ரோஸபூமும் கிழவர் கைப்பரும். ரோஸபூம் தானியக் கிடங்கின் மேலாளர். ஊரிலேயே முதலில் கதவு வைத்த அலமாரி செய்துகொண்டவர். கைப்பருக்குக் காது பாதிதான் கேட்கும். இருவரும் கறுப்பு கோட்டில் உட்கார்ந்தார்கள். எங்கே உட்கார்ந்தாலும் அந்த மூலையைத்தான் பார்க்க வேண்டும். இருவரும் பார்த்தார்கள். இருவரும் ஜெரேனியத்தைப் பற்றிப் பேசினார்கள்.

"செடி நல்லா வந்திருக்கு கோரின்."

"ஆமாங்க. வெயில் நல்லாப் படுது" என்றாள் கோரின். அந்த மூலையில் வெயிலே படாது.

காபி வந்தது. பாதாம் விழுது வைத்துச் சுட்ட பங்கெட் வந்தது. அதைக் கடையில் வாங்கியிருந்தாள், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ரோஸபூம் சங்கீதம் ஒன்றை வாசித்தார். உங்கள் ஆத்மா எப்படி இருக்கிறது, திருவிருந்துக்கு ஆயத்தமாக வருகிறீர்களா, வழக்கமான கேள்விகள். லாம்பர்ட் வழக்கமான பதில்களைச் சொன்னான். பிறகு ரோஸபூம் குழந்தையின் பக்கம் குனிந்தார்.

"மார்லா கண்ணு, சாயங்காலத்துல எல்லாரும் என்ன பண்ணுவீங்க? ஊரெல்லாம் உங்களைப் பத்தித்தான் பேச்சு."

மார்லா அம்மாவைப் பார்த்தாள். அம்மா காபிக் கோப்பையைப் பார்த்தாள்.

"சங்கீதம் பாடுவோம். அப்பா கதை படிப்பாரு. அப்புறம் தூங்கிடுவோம்."

கண் இமைக்கவில்லை, குரல் பிசிறவில்லை. ஏழு வயதில் அவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்லப் பழக்கியிருந்தார்கள். என் தகப்பனாரின் பெயர் மூன்று தலைமுறை தாண்டி இந்த வாயில் வந்து சேர்ந்திருந்தது. நான் எழுந்துபோய் ஜெரேனியத்தை எடுத்து ஜன்னலில் வைத்தேன். விரிப்பை உருவினேன்.

"எவர்ட், இதைப் பாக்காத மாதிரி எவ்வளவு நேரம் இருக்கறதா உத்தேசம்? கேளுங்க. யாருதுன்னு கேளுங்க."

ரோஸபூம் கேட்கவில்லை. பங்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு லாம்பர்ட்டைப் பார்த்தார். கைப்பர் "என்ன, என்ன?" என்றார்.

என் மகன் எழுந்து நின்றான். இப்போது சொல்வான் என்று நினைத்தேன். முட்டாள் நான், அப்படி நினைத்தேன்.

"அது... அது அப்பாவோடது" என்றான். "இன்னைக்குத்தான் கொண்டுவந்தாரு."

இரண்டாவதாகச் சொன்னது உண்மை. அவன் சாமர்த்தியமே அதுதான்; பொய்யை உண்மைக்குப் பக்கத்தில் உட்கார வைப்பான்.

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்பன் மகனைப் பொய்யன் என்கிறான், மகன் அப்பனைப் பொய்யன் என்கிறான் என்ற செய்தி ரோஸபூமின் காரில் ஏறி ஊருக்குப் போகும். வியர்ஸ்மா சொன்னால் இனி எடை போட்டுத்தான் பார்ப்பார்கள். நான் மகனை ஒருமுறை பார்த்தேன். அவனால் என்னைப் பார்க்க முடியவில்லை.

"ஆமா. என்னோடதுதான்" என்றேன். "இவங்களுக்கு வேண்டாமாம். லாம்பர்ட், ஒரு பக்கம் பிடி. வண்டில ஏத்தணும்."

அந்த நிமிடத்திலிருந்து அது என்னுடையது. நான் சொன்னது பொய்யாகிவிடக் கூடாதென்று எடுத்துக்கொண்டேன். ரோஸபூம் எழுந்துபோய் எங்களுக்காகக் கதவைத் திறந்து பிடித்தார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. என் மேல் கொஞ்சம் இரக்கமும் தெரிந்தது; அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

டிரக்கின் பின்னால் லாம்பர்ட் வாயைத் திறந்தான். "அப்பா, நான்..."

"பேசாதே. கீழ கை குடுத்துப் பிடி. கீறல் விழுந்தா உன்னைத்தான் கேப்பேன். இப்ப என் பொருள்."

கோரின் பின்னாலேயே ஓடி வந்தாள். கையில் ஆன்டெனா.

"மாமா, இதை விட்டுட்டீங்க. இது இல்லன்னா படம் சரியா விழாது."

மூன்று வாரத்தில் லாம்பர்ட் மூப்பரானான். தைத்து வாங்கிய கறுப்பு கோட்டில் முன் வரிசையில் உட்கார்ந்தான். கோரின் இன்னும் இரண்டு மாதர் சங்கங்களில் பேசினாள்.

எனக்கு வேறுவிதமான புகழ் வந்தது. கிழவன் ஹார்ம் வியர்ஸ்மா தள்ளாத வயதில் தடுமாறிவிட்டான் என்று பேசினார்கள். மகனைக் கெடுக்க அவன் வீட்டுக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனானாம், நல்லவேளை மகன் உறுதியாக நின்றுவிட்டானாம். போதகர் வான் ட்ரில் வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வயசான காலத்துல தனிமை பெரிய சோதனைதாங்க ஐயா."

"எனக்கு ஆல்டா இருக்கா. உங்களுக்குத்தான் இன்னும் கல்யாணம் ஆகல" என்றேன். சீக்கிரம் கிளம்பிவிட்டார்.

பெட்டி எங்கள் முன்னறையில் இருந்தது. ஆல்டா அதன் மேல் தன் ஊதாப் பூத் தொட்டிகளை அடுக்கினாள். ஒரு நாள் கேட்டாள்:

"ஒரே ஒரு தடவை போட்டுத்தான் பாக்கலாமேங்க? நம்ம பொட்டிதானே."

"நம்ம பொட்டிதான். அதனாலதான் வேணாங்கறேன்."

"ஊரே நாம பாக்குறோம்னு பேசுது. பேச்சும் வாங்கிட்டுப் பாக்காமயும் இருக்கறது என்ன கணக்குங்க?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனாலும் போடவில்லை. பேத்திகள் வரும்போதெல்லாம் அதற்கு எதிரே தரையில் உட்கார்ந்து, அணைந்திருந்த கண்ணாடியில் தங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். "தாத்தா, இது வேலை செய்யுமா?" என்று ஜில் கேட்டாள், அதற்கு முன் அதைப் பார்த்ததே இல்லாதவள் போல. அக்காவிடம் நன்றாகத் தேறியிருந்தாள்.

அடுத்த இலையுதிர் காலத்தில் எங்கள் வீட்டு முறை வந்தது. கதவைத் திறந்தால் ரோஸபூம். பக்கத்தில் என் மகன். ஏற்பாடு ரோஸபூமுடையது. மகனே வந்து சொன்னால் கிழவன் திருந்துவான் என்று நினைத்திருக்கிறார்.

"உள்ள வாங்க மூப்பரே" என்றேன் லாம்பர்ட்டிடம்.

"அப்பா, அப்படிக் கூப்பிடாதீங்க."

"வேற எப்படிக் கூப்பிடறது? கோட்டு போட்டிருக்கீங்க."

காபி, சங்கீதம், கேள்விகள் எல்லாம் முறைப்படி நடந்தன. பிறகு ரோஸபூம் தொண்டையைச் செருமினார். "லாம்பர்ட், அந்த விஷயத்தை நீங்களே சொல்லிடுங்க. உங்க அப்பாதானே."

அவன் சொல்ல மாட்டான் என்றுதான் எதிர்பார்த்தேன். மனிதனுக்கு அந்த அளவாவது வெட்கம் இருக்குமல்லவா. அவன் கைகளைக் கோத்துக்கொண்டு, கார்ப்பெட்டைப் பார்த்தபடி, போதகரின் வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொன்னான். அந்தப் பெட்டி குடும்பங்களைப் பிரிக்கிறது. மனதைத் தூங்க வைக்கிறது. முதிர்ந்தவர்கள் இளையவர்களுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டும். குரல்கூட நடுங்கவில்லை. ஆல்டா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அவளுக்கு எதுவும் நான் சொன்னதில்லை. ஆனால் அவள் தைத்த போர்வையில் பன்றி நாற்றம் எப்படி வந்ததென்று அவளே யோசித்துக் கண்டுபிடித்திருந்தாள்.

"நல்லா சொன்னீங்க மூப்பரே. ஏத்துக்கறேன்" என்றேன். "இன்னையோட இது இந்த வீட்ல இல்ல. ஆனா வித்தா வாங்கினவன் ஆத்மா என்னாகும்? அதனால ஒடச்சிடுவோம். எவர்ட், நீங்க சாட்சி. லாம்பர்ட், ஒரு பக்கம் பிடி."

ஆல்டாவின் பூத்தொட்டிகளை இறக்கிவிட்டு நானும் அவனும் பெட்டியைப் பின்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். விறகுக் கட்டைமேல் வைத்தோம். விறகு பிளக்கும் பெரிய சம்மட்டியைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தேன்.

"மூப்பர் கையால நடக்கட்டும்."

அவன் சம்மட்டியைப் பிடித்தபடி நின்றான். கண்ணாடியில் அவன் முகமும் கோட்டும் தெரிந்தன. தூக்கினான். தோள்வரை வந்தது. அங்கேயே நின்றது.

"நல்லா ஓடுற பொட்டிப்பா" என்றான். "படம் அவ்வளவு தெளிவா வரும்."

ஊர்க் கணக்குப்படி ஒரு வருடமாக என் வீட்டை விட்டு அசையாத பெட்டி, அதற்கு முன் அவன் வீட்டில் ஒரு சாயங்காலம்கூடத் தங்காத என் பெட்டி, எவ்வளவு தெளிவாகப் படம் காட்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ரோஸபூம் முட்டாள் இல்லை. முட்டாளைத் தானியக் கிடங்குக்கு மேலாளராக வைக்க மாட்டார்கள். அவர் தலையை உயர்த்தி வானத்தைப் பார்த்தார்.

"மழை வரும்போல இருக்கு" என்றார்.

வானத்தில் ஒரு துண்டு மேகமில்லை.

"மிஸ்டர் ரோஸபூம்..." என்று ஆரம்பித்தான் லாம்பர்ட்.

"சோளம் இன்னும் பாதி வயல்ல நிக்குது, மழை வந்தா வீணாப் போயிடும்" என்று சொல்லிக்கொண்டே ரோஸபூம் நடந்தார். "அடுத்த வீட்டுக்கு நேரமாச்சு லாம்பர்ட். வாங்க, போற வழில பேசிக்கலாம்." வழியில் எதுவும் பேச மாட்டார் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். அவருடைய அலமாரிக் கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொள்வது எனக்குக் கேட்டதுபோலவே இருந்தது.

லாம்பர்ட் என்னைப் பார்த்தான். நான் உதவவில்லை. ஒரு முறை உதவியாகிவிட்டது.

சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு அவன் வீட்டைச் சுற்றிக் காரை நோக்கி ஓடினான். ரோஸபூம் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டிருந்தார். அவன் கண்ணாடி விளிம்பைக் கையால் பிடித்துக்கொண்டு குனிந்தான். என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை, நீளமாகச் சொல்லவில்லை. ரோஸபூம் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கார் போய்விட்டது. அவன் கோட்டோடு தெருவில் நின்றான்.

திரும்பி வந்து, "சொல்லிட்டேன்" என்றான்.

"எல்லாத்தையுமா?"

"என் பொட்டின்னு சொன்னேன். கொட்டகைல வச்சுப் பாத்தோம்னு சொன்னேன். உங்களை மாட்டிவிட்டேன்னும் சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"அவசரப்படாதீங்க, யாருக்கும் தெரிய வேணாம்னார். நான் எல்லாருக்கும் தெரியட்டும்னேன்."

நான் மெச்சவில்லை. ஒரு வருடம் கழித்துச் செய்ததை மெச்சும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. "சரி, என் கட்டைமேல எதுக்கு உன் பொட்டி? எடு" என்றேன். அவன் ஒரு பக்கம் பிடித்தான். இன்னொரு பக்கத்தை நான் பிடித்தேன்.

பதவி போயிற்று. கோரின் எந்த மாதர் சங்கத்திலும் பேசுவதில்லை. மறுபடி கடை ரொட்டிதான் வாங்குகிறாள், அதற்காகவாவது நன்றி. பெட்டி பண்ணை வீட்டு முன்னறையில், விரிப்பும் கதவும் இல்லாமல், தன் மூலையில் இருக்கிறது. ஊரில் சிலர் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் அலமாரியைத் திறக்கிறார்கள். தானியக் கிடங்கில் இப்போதும் அவன் சொன்னால் எடை போடுவதில்லை.

ஞாயிறு காபிக்கு நான் அங்கே போகிறேன். அந்தப் பெட்டியில் வருவது அன்றும் குப்பை, இன்றும் குப்பை. நான் போகும்போது ஒரு நாற்காலியை மட்டும் திருப்பிப் போடுவார்கள். அதில் பெட்டிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து என் காபியைக் குடிக்கிறேன்.